பெரியவனுக்கு ஊசிக்குப் பிறகு இதய அழற்சி, சின்னவனுக்குப் போடலாமா?

சிங்கப்பூரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு இரண்டு பையன்கள். 2021இல் பெரியவனுக்கு 16 வயது, உயர்நிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தான். ஃபைசர் இரண்டாவது டோஸ் போட்ட மூன்றாம் நாள் இரவு, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்று எழுந்து வந்தான். வாய்வுப் பிடிப்பாக இருக்கும் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார் அம்மா. விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனார்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதம் கூடியிருந்தது, ஈசிஜியிலும் மாற்றம் இருந்தது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து மயோகார்டைடிஸ், அதாவது இதயத் தசை அழற்சி என்றார்கள். நான்கு நாள் வார்டில் இருந்தான். ஆறு மாதம் கூடைப்பந்து கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது அவனுக்கு 20 வயது. நன்றாக இருக்கிறான், சீக்கிரம் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாயப் படைப் பணிக்குப் போகிறான்.

சின்னவனுக்கு 14 வயது. அண்ணனுக்கு ஆனதைப் பார்த்த பயத்தில் அவனுக்கு கோவிட் ஊசி ஒன்றுகூடப் போடவில்லை. இரண்டு முறை கோவிட் வந்து போய்விட்டது. பள்ளிப் பயணத்துக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போடச் சொன்னபோது அதையும் மறுத்துவிட்டார். "நோய் வந்தால் இதயம் இன்னும் மோசமாகும், எல்லா ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது, போட்டுவிடு" என்கிறார் கணவர். "ஊசி போட்ட பிள்ளைகள்தான் பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள்" என்று தஞ்சாவூரிலிருந்து மாமியார் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார். கும்பகோணத்தில் தங்கை மகனும் ஊசி போட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில், இன்னொரு வரியும் இருக்கிறது: "என் கணவரின் சித்தப்பா 29 வயதில் வயலில் சுருண்டு விழுந்து இறந்தாராம், அது மாரடைப்பு என்று சொல்வார்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். கேள்வியாகக் கேட்காத அந்தக் கடைசி வரிக்கும் வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் ஓமத் தண்ணீர். அதை நினைத்து நான்கு வருடமாக மறுகுகிறீர்கள் என்று தெரிகிறது. 16 வயதுப் பையன் நடு இரவில் நெஞ்சு வலிக்கிறது என்றால், அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் வாய்வு என்றுதான் நினைப்பார்கள். சில மணி நேரத்தில் கூட்டிப் போயிருக்கிறீர்கள். அந்தத் தாமதத்தால் அவனுக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. ஊசிக்கு நீங்கள்தான் பதிவு செய்தீர்கள் என்பதும் குற்றமில்லை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது.

உங்கள் மகனுக்கு நடந்தது உண்மை. ஊசியால்தான் வந்தது என்று எடுத்துக்கொள்ளப் போதுமான காரணமும் இருக்கிறது. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசிகளுக்குப் பிறகு இந்த அழற்சி வரும் விதம் இப்போது நன்றாகவே தெரியும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகள், 12 முதல் 30 வயதுக்குள், இரண்டாவது டோஸுக்குப் பிறகு, முதல் ஒரு வாரத்துக்குள். உங்கள் மகன் இந்த வரையறையில் அச்சு அசலாகப் பொருந்துகிறான். இஸ்ரேல் 2021இல் முதலில் கவனித்துச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்வீடன், பின்லாந்து நாடுகள் இளவயதினருக்கு மாடர்னா போடுவதை நிறுத்தின. அதனால் "ஊசிக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறு. உங்கள் கோபம் அங்கே நியாயமானது.

எவ்வளவு பேருக்கு வருகிறது?

லட்சத்துக்கு இத்தனை என்று சொன்னால் மனதில் பதியாது. உங்கள் ஊர்க் காலாங் தேசிய விளையாட்டரங்கத்தை எடுத்துக்கொள்வோம், 55,000 இருக்கை. அத்தனையிலும் 16, 17 வயதுப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோருக்கும் ஃபைசர் இரண்டாவது டோஸ் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தாமாக முன்வந்து பதிவான புகார்களை வைத்துக் கணக்கிட்டால் அதில் ஆறு பேருக்கு இந்த அழற்சி வரும் (பத்து லட்சத்துக்கு 106). அரசே தேடிப் போய்க் கணக்கெடுத்த இஸ்ரேலின் புள்ளிவிவரப்படி, 16 முதல் 19 வயது ஆண்களில் எட்டுப் பேர் (6,637 பேரில் ஒருவர்). 2023-24இல் வந்த புதுப்பித்த ஊசிகளுக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2025இல் வெளியிட்ட கணக்கு, 12 முதல் 24 வயது ஆண்களில் பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் 27. அதாவது அதே அரங்கத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

சரி, அதே அரங்கத்துக்கு ஊசிக்குப் பதிலாக கோவிட் வந்தால்?

இங்கேதான் உங்கள் கணவரும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அமெரிக்காவில் 40 மருத்துவமனைக் குழுமங்களின் பதிவுகளை வைத்து 2022இல் வந்த ஆய்வில், 12 முதல் 17 வயது ஆண்களில் தொற்றுக்குப் பிறகு லட்சத்துக்கு 50 முதல் 65 பேர், இரண்டாவது டோஸுக்குப் பிறகு 22 முதல் 36 பேர். தொற்றுதான் மோசம் என்று இது சொல்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் தொற்று என்பது பரிசோதனை செய்து மருத்துவமனைப் பதிவில் ஏறியது மட்டும். வீட்டிலேயே இரண்டு நாள் சளி பிடித்து, டெஸ்ட் எடுக்காமல் பள்ளிக்குத் திரும்பிய பையன்கள் அதில் இல்லை. அவர்களையும் சேர்த்தால் தொற்றின் பக்கத்து எண் இறங்கிவிடும்.

மறுபக்கம் நான்கு நார்டிக் நாடுகளின் ஆய்வு, 2 கோடியே 30 லட்சம் பேரைப் பார்த்தது. அதில் 16 முதல் 24 வயது ஆண்களில் மாடர்னா இரண்டாவது டோஸுக்குப் பிறகு லட்சத்துக்குச் சுமார் 18 பேருக்குக் கூடுதலாக அழற்சி வந்தது, ஃபைசருக்கு ஐந்தாறு பேர். அந்த வயது ஆண்களில் தொற்றுக்குப் பிறகு வந்தது அதைவிடக் குறைவு. இங்கிலாந்தில் 40 வயதுக்குக் கீழ் உள்ள ஆண்களைப் பார்த்த ஆய்வும் மாடர்னா விஷயத்தில் இதையே சொன்னது. ஆக "எல்லா ஆராய்ச்சியும்" என்பது சரியில்லை.

ஆனால் இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட சுமார் 1 கோடியே 40 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2025இல் வந்த ஆய்வு, ஆண், பெண் எல்லோரையும் சேர்த்து, தொற்றுக்குப் பிறகு ஆறு மாதத்தில் லட்சத்துக்கு 2.24 கூடுதல் இதய அழற்சி, ஃபைசர் ஊசிக்குப் பிறகு 0.85 என்றது. உங்கள் அரங்கத்தில் தொற்றுக்கு ஒருவர், ஊசிக்கு இரண்டு அரங்கத்துக்கு ஒருவர்.

யாரை எண்ணினார்கள், எந்த வயது, எந்த ஊசி, தொற்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. பதின்ம வயது ஆண் பிள்ளைகளில் இரண்டாவது டோஸ் என்ற ஒரே ஒரு மூலையில் தராசு நெருக்கமாக நிற்கிறது. பெண் பிள்ளைகளிலும் வயதானவர்களிலும் அப்படி இல்லை, அங்கே நோய்தான் தெளிவாகக் கனமானது. இரண்டு டோஸுக்கு நடுவே எட்டு வாரம்போல இடைவெளி விட்டால் அழற்சி குறைகிறது என்று கனடாவின் ஒன்டாரியோ தரவுகள் பின்னால் காட்டின. 2021இன் அவசரத்தில் பல நாடுகளில் மூன்று, நான்கு வாரத்திலேயே போட்டார்கள்.

"ஊசியா, நோயா" என்ற கேள்வியிலேயே ஒரு கோளாறு

ஊசி போடாவிட்டால் நோய், போட்டால் நோய் இல்லை என்று இருந்தால் இரண்டையும் தராசில் வைக்கலாம். நடைமுறை அப்படியில்லை. ஊசி போட்டவர்களுக்கும் கோவிட் வந்தது. ஊசி போடாத உங்கள் சின்னவனுக்கும் இரண்டு முறை வந்துவிட்டது. உண்மையில் நாம் கேட்க வேண்டியது, எப்படியும் வரப்போகிற தொற்று, ஊசி போட்ட உடம்பில் வருகிறதா, போடாத உடம்பில் வருகிறதா என்பதை.

2021இல் இந்தக் கேள்விக்கு விடை தெளிவாக இருந்தது. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லை, டெல்டா பரவிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் குழந்தை இதய மருத்துவர்களை அலைக்கழித்தது மயோகார்டைடிஸைவிட எம்ஐஎஸ்-சி என்கிற இன்னொரு பிரச்சினை. கோவிட் வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, கடும் காய்ச்சல், சிவந்த கண், வயிற்றுவலி, சரியும் ரத்த அழுத்தம், சோர்ந்துபோன இதயம் என்று ஐசியூவுக்கு வருவார்கள். 12 முதல் 18 வயதினரில் ஃபைசர் இரண்டு டோஸ் இதை 91 சதவீதம் தடுத்தது என்று அமெரிக்காவில் கண்டார்கள். உங்கள் பெரியவனுக்கு ஊசி போட்ட காலம் அது. பின்னால் வந்த ஒமிக்ரானில் எம்ஐஎஸ்-சி வெகுவாகக் குறைந்துவிட்டது.

கும்பகோணத்துத் தங்கை மகன் விஷயத்தில் ஒரு திருத்தம். அவனுக்குப் போட்டது வேறு ஊசி. இந்தியாவில் 15 முதல் 18 வயதினருக்கு 2022 ஜனவரி 3 முதல் கோவாக்சின் போட்டார்கள், அது செயலிழக்க வைத்த வைரஸால் செய்தது. 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16 முதல் கோர்பிவேக்ஸ், அது புரத ஊசி. இரண்டும் எம்ஆர்என்ஏ இல்லை. ஆகவே அவனையும் உங்கள் மகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. இதே காரணத்தால்தான் தஞ்சாவூரிலிருந்து வரும் வீடியோக்களும் குழப்புகின்றன. வெளிநாட்டு எம்ஆர்என்ஏ ஊசி பற்றிய செய்தியை எடுத்து, எம்ஆர்என்ஏ ஊசியே போடாத ஊர்ப் பையன் மைதானத்தில் விழும் காட்சியோடு ஒட்டிவிடுகிறார்கள். இந்தியாவில் 18 முதல் 45 வயதினரின் திடீர் மரணங்களை 47 மருத்துவமனைகளில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆராய்ந்தது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை வேறு: முன்பு கோவிட்டால் மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், சாவதற்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிய குடி, கடுமையான உடலுழைப்பு. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். "அத்தை, இங்கே போட்டது வேற ஊசி" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

பெரியவனின் இதயம்

"இதயத் தசை செத்தால் வளராது, நாளைக்கு ஹார்ட் அட்டாக் வந்துவிடுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. உங்கள் மகனுக்கு வந்தது தசையில் அழற்சி, குழாய் சுத்தமாகவே இருந்திருக்கும். இரண்டிலும் ட்ரோபோனின் ஏறும் என்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது.

பிரான்ஸில் 12 முதல் 49 வயதுக்குட்பட்ட 4,635 மயோகார்டைடிஸ் நோயாளிகளை 18 மாதம் பின்தொடர்ந்தார்கள். ஊசிக்குப் பிறகு வந்தவர்கள் 558 பேர். அதே பிரச்சினைக்காக மீண்டும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு மூன்று பேர். கோவிட்டால் வந்தவர்களில் நான்கு பேர், மற்ற வைரஸ்களால் வந்த வழக்கமான மயோகார்டைடிஸில் ஏறக்குறைய ஆறு பேர். ஊசி வகை பெரும்பாலும் லேசானது என்று மருத்துவர்களாகிய நாங்கள் சொல்வதற்கு இது போன்ற எண்கள்தான் ஆதாரம். ஆனால் "லேசானது" என்ற சொல்லை நோயாளி வீட்டில் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். நான்கு நாள் மானிட்டர் வயரோடு படுத்திருந்த பிள்ளையின் அம்மாவுக்கு அது லேசா? அதுபோக, சிலருக்கு எம்ஆர்ஐயில் தழும்பு போன்ற அடையாளம் பல மாதங்கள் தங்குகிறது. அதனால்தான் அடுத்துச் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் 2021 சம்பவத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் தாளையும் எம்ஆர்ஐ அறிக்கையையும் கையில் கொடுத்தனுப்புங்கள். தகுதி நிலை குறைந்துவிடுமோ என்று மறைக்கத் தோன்றலாம், பிள்ளைகளே மறைப்பார்கள், ஜாக்கிரதை. சேர்வதற்கு முன்னால் இதய மருத்துவரிடம் ஒரு ஈசிஜி, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), டிரெட்மில் பரிசோதனை, இதயத்துடிப்பை 24 மணி நேரம் பதியும் ஹோல்ட்டர் பதிவு செய்துகொள்வது நல்லது. பழைய எம்ஆர்ஐயில் தழும்பு இருந்திருந்தால் மறுபடி ஒரு எம்ஆர்ஐ வேண்டுமா என்று அவரே சொல்வார். எல்லாம் சரியாக இருந்தால் ஓடலாம், கூடைப்பந்தும் ஆடலாம்.

எம்ஆர்என்ஏ கோவிட் ஊசி அவனுக்கு இனி வேண்டாம். ஒரு முறை இப்படி வந்தவர்களுக்குப் பொதுவான பரிந்துரையே அதுதான். மற்ற ஊசிகளுக்கு இந்தத் தடை இல்லை.

இன்னொன்று, சிங்கப்பூரில் கோவிட் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசின் நிதியுதவித் திட்டம் உண்டு. 2021இல் பளு தூக்கிய பிறகு இதயம் நின்றுபோன 16 வயதுப் பையனுக்கு 2,25,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்ததாக நீங்கள் குறிப்பிட்டது அந்தத் திட்டத்தில்தான். அது ஆகக்கடுமையான பாதிப்புக்கான தொகை. வார்டில் சேர்ந்து குணமானவர்களுக்குச் சிறிய தொகை உண்டு. நீங்கள் விண்ணப்பித்ததாகக் கடிதத்தில் இல்லை. சிகிச்சை கொடுத்த மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், இன்னும் ஏற்பார்களா என்று அந்த மருத்துவமனையிலேயே கேளுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் மகனின் பாதிப்பு அரசுக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

சின்னவனுக்கு என்ன செய்யலாம்?

ஃப்ளூ ஊசியில் எனக்குத் தயக்கமே இல்லை, போடுங்கள். அது எம்ஆர்என்ஏ ஊசி இல்லை. இன்ஃப்ளூயன்சா வைரஸே மயோகார்டைடிஸை உண்டாக்கக்கூடியது. காக்ஸாக்கி, அடினோ, பார்வோ என்று பல வைரஸ்கள் அந்த வேலையைச் செய்யும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் டெங்கு வார்டில் நாடித்துடிப்பு அளவுக்கு மீறி இறங்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு எக்கோ எடுக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள், டெங்குவும் இதயத்தைத் தொடும். உங்கள் ஊரிலும் டெங்குவுக்குக் குறைவில்லையே. அண்ணனுக்கு ஓர் ஊசியில் நடந்ததைக் காட்டித் தம்பிக்கு எல்லா ஊசியையும் நிறுத்துவது நியாயமில்லை.

கோவிட் ஊசி வேறு விஷயம். 14 வயது, வேறு நோய் இல்லை, இரண்டு முறை தொற்று வந்து அந்த எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. இப்படிப்பட்ட பையனுக்கு இன்று ஊசியால் கிடைக்கும் கூடுதல் லாபம் சிறியது, ஆபத்தும் சிறியது. போடாமல் இருப்பதால் நீங்கள் பிள்ளையை அலட்சியம் செய்கிறீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்துமா, நீரிழிவு, அதிக உடல் எடை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்று ஏதாவது இருந்திருந்தால் போடச் சொல்லியிருப்பேன். நாளைக்கு அப்படி ஏதாவது வந்தால் இந்தப் பேச்சை மறுபடி எடுங்கள். அப்போது போட்டாலும் மாடர்னா வேண்டாம். போட்ட பிறகு இரண்டு வாரம் ஓட்டம், ஜிம், பந்து எதுவும் வேண்டாம்.

அந்தக் கடைசி வரி

கணவரின் சித்தப்பா. 29 வயதில் வயலில் வேலை செய்யும்போது விழுந்து இறந்தவர்.

அந்த வயதில் அடைப்பால் மாரடைப்பு வரக்கூடாது என்றில்லை, ஆனால் அரிது. வேலை செய்துகொண்டிருக்கும்போது இளம் வயதில் ஒருவர் சுருண்டு விழுந்தார் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பரம்பரை இதய நோய்கள். தசை தடிப்பது ஒன்று, மின்னோட்டம் தடுமாறுவது ஒன்று, தசை செல்களை ஒட்டிவைக்கும் புரதத்தில் குறை இருப்பது இன்னொன்று. இந்தக் கடைசி வகை சில குடும்பங்களில் மயோகார்டைடிஸ் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வரும். வைரஸோ ஊசியோ உசுப்பிவிட்டதும் வெளியே தெரியும். உங்கள் பெரியவனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஊசிக்குப் பிறகு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் இருக்காது. ஆனால் சித்தப்பாவின் கதையும் பேரனின் மயோகார்டைடிஸும் ஒரே குடும்பத்தில் இருக்கும்போது, பார்க்காமல் விட்டால் தவறு.

ஆகவே கணவர், இரண்டு பையன்கள், மூன்று பேருக்கும் ஈசிஜி, எக்கோ. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) இந்தக் குடும்ப விவரத்தைச் சொல்லி இதய நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். ஊசியைச் சொல்வதோடு நிறுத்தாமல் சித்தப்பாவையும் சொல்லுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதுவரை சின்னவன் ஓடும்போது மயங்கினாலோ, நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருட்டினாலோ, காய்ச்சல் வந்த வாரத்தில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டாம், அவசர ஆம்புலன்ஸ் எண் 995க்கு அழையுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. சித்தப்பாவோடு கூடப் பிறந்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் கணவரை விட்டு அழைக்கச் சொல்லுங்கள். விழுவதற்கு முன்னால் எப்போதாவது மயங்கியிருக்கிறாரா, அன்றைக்கு வெயிலா, வலி என்று சொன்னாரா, அவர் பிள்ளைகளில் யாருக்காவது இதுபோல ஆனதா என்று கேட்டு, தேதியோடு ஒரு தாளில் எழுதி நிபுணரிடம் எடுத்துப் போங்கள்.